கூடுதலா ஒரு மைல்

உட்காருங்கக்கா, ஆள் யாரும் இல்ல. அந்தப் பையை மேல வைக்காதீங்க, வளைவுல சரிஞ்சா யார் தலையில விழும்னு சொல்ல முடியாது. காலுக்கடியில வைங்க. இன்னும் கொஞ்சம் உள்ள. இன்னும் கொஞ்சம். ம், இப்ப சரி.

சென்னையா? ஓ, தாம்பரத்துல பொண்ணு வீட்டுக்கா? நானும் சென்னைக்குத்தான். மூணு மணிக்கு ஒரு கமிட்டி. என்னைப் பத்தின கமிட்டி. நான் இனிமே ரேடார் முன்னாடி உட்காரலாமா, இல்ல ஏதாவது ஒரு மூலையில உட்கார்ந்து பழைய ஃபைலைத் தூசி தட்டலாமான்னு பெரியவங்க நாலு பேர் முடிவு பண்ணப் போறாங்க.

நான் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். விமானம் ஓட்டுறவ இல்லக்கா, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. சாப்பாட்டுத் தட்டு நீட்டுறவளும் இல்ல. கீழ ஒரு இருட்டு ரூம்ல உட்கார்ந்து, இறங்க வர்ற விமானத்துக்கெல்லாம் நீ முன்னாடி வா, நீ பின்னாடி வா, நீ வேகத்தைக் குறைன்னு சொல்றவ. சின்ன ஊர் ஏர்போர்ட்தான். ஊர் பேரை விடுங்க, ஏற்கெனவே போதுமான அளவுக்குப் பேர் கெட்டாச்சு.

ஏர்போர்ட்ல வேலை பாக்குறவ எதுக்கு பஸ்ல போறான்னு பாக்குறீங்க, தெரியுது. காத்துக்காகத்தான். விமானத்துல ஜன்னலைத் திறக்க முடியாதில்ல? அதுவும் போக, இன்னிக்குக் காலை டியூட்டியில இருக்கிறது வருண். கெட்டிக்காரப் பையன்தான், குறை சொல்லலை. ஆனா ரெண்டு விமானத்துக்கு நடுவுல சட்டம் எவ்வளவு இடைவெளி சொல்லுதோ அவ்வளவுதான் வைப்பான். ஒரு இம்மி கூடுதலா வைக்க மாட்டான். உடனே நான் பயந்து பஸ் ஏறினேன்னு நினைச்சிடாதீங்க. எனக்கு பயமே கிடையாது. எங்க வீட்டுல யாரை வேணும்னாலும் கேளுங்க.

ஒரு நிமிஷம், ஒரு போன்.

"மாமா, நான்தான். பாப்பா எந்திரிச்சாளா?... சரி. எந்திரிச்சா முதல்ல டயபர், அப்புறம் கஞ்சி. ஏசி இருபத்தாறுலயே இருக்கட்டும். குல்லா கிடையாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க... 'சரிம்மா' போதாது மாமா, திருப்பிச் சொல்லுங்க... ம்... ம்... குல்லா?... ம், கிடையாது. வைக்கிறேன்."

எங்க மாமனார். வீட்டுல பாப்பாவைப் பாத்துக்கிறது அவர்தான், எங்க வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை. திருப்பிச் சொல்லச் சொல்றது எங்க தொழில் வழக்கம்க்கா. நாங்க ஒண்ணு சொன்னா பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அப்பதான் காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். பைலட்டுங்க யாரும் கோவிச்சுக்கிறதில்ல. மாமா மட்டும் கோவிச்சுக்கிறார்.

பாப்பா பேரு ஜோவிட்டா. ஜோவின்னு கூப்பிடுவோம். எட்டு மாசம். இதுதான் அவளை விட்டுட்டு முதல் முதலா வெளியூர் வர்றது. அதனால என்ன, மாமா பாத்துக்குவார். தூத்துக்குடியில ஐஸ் ஃபேக்டரியில சர்வீஸ் முழுக்க இருந்த மனுஷன். ஐஸ் கட்டியோட வாழ்க்கை நடத்தினதாலயோ என்னவோ, குளிர்னாலே அவருக்கு ஜென்மப் பகை. மே மாசத்துல ஜோவி தும்மினா, "ஏம்மா ஜெசி, பிள்ளைக்குக் குளிருது"ம்பார். மே மாசம்க்கா.

இந்தக் குளிர்க் கதையைச் சொன்னாத்தான் கமிட்டி கதை புரியும். முதல்ல இருந்தே சொல்றேன்.

கான்வென்ட்ல படிச்சவ நான். சிஸ்டர் டெலோரஸ்னு ஒருத்தங்க. காலையில அசெம்ப்ளிக்கு நிக்கும்போது, கையை நீட்டி முன்னாடி நிக்கிறவ தோளைத் தொட்டும் தொடாம ஒரு கை நீளம் விட்டு நிக்கச் சொல்வாங்க. யோசிச்சுப் பாத்தா என் உத்தியோகம் மொத்தமும் அந்த ஒரு கை நீளம்தான். ஒன்பதாம் வகுப்புல நான் லீடர். ஒரு கை நீளம் போதாதுன்னு நானா எல்லாரையும் ஒரு கையும் ஒரு சாணும் விடச் சொன்னேன். அப்படி ஒரு அழகான வரிசையை அந்த ஸ்கூல் பாத்ததே இல்ல. கடைசியில நின்ன லூர்து மேரி மட்டும் கேட்டுக்கு வெளியே ரோட்டுல நின்னு ஜெபம் சொன்னா. அது அவ உயரத்தோட பிரச்சினை, என் பிரச்சினை இல்ல.

அட, இந்த டிரைவரைப் பாருங்க! லாரியோட வாலைப் பிடிச்சுக்கிட்டே போறார். இருங்க வர்றேன்.

வந்துட்டேன். ஏற்கெனவே திண்டிவனத்துக்கு... இல்ல, அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை போய்ச் சொல்லிட்டேன். இப்ப என்ன சொன்னார் தெரியுமா? "மேடம், நான் இடைவெளி விட்டா அதுல ஒரு கார் பூந்துக்குது. அந்தக் காருக்கு இடைவெளி விட்டா ஆட்டோ பூந்துக்குது. உங்க பேச்சைக் கேட்டு விட்டுக்கிட்டே போனா நாம பின்னாடியே நகர்ந்து திரும்ப விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல போய் நிப்போம்"ங்கிறார். கண்டக்டர் வேற சிரிக்கிறார். என்ன திமிரு பாருங்க.

நல்ல வேளை, இந்த பஸ்ல ஸ்பீடு லாக் வச்சிருக்காங்க. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல டிரைவர் எவ்வளவு மிதிச்சாலும் வண்டி போகாது. ஏறின உடனே அதைத்தான் முதல்ல கேட்டுக்கிட்டேன். மனுஷனை நம்ப முடியாதுக்கா. ஒரு நாள் தூக்கம் இருக்காது, ஒரு நாள் வீட்டுல சண்டை இருக்கும். மெஷினுக்கு அதெல்லாம் கிடையாது பாருங்க. டிரைவர் என்ன நினைச்சாலும் மெஷின் சொன்னதுதான். அப்படித்தான் இருக்கணும்.

எங்க ரேடார் ரூமுக்கும் ஒரு மெஷின் வந்துச்சு. அது வேற, இது வேற. அது எனக்கு மேல வந்து உட்கார்ந்த மெஷின்.

நான் பிரசவ லீவு முடிஞ்சு போறேன், என் ஸ்கிரீன் ஓரத்துல ஒரு புதுக் கட்டம். நான் இல்லாத நேரத்துல பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கேசரி குடுத்து வச்சிருக்காங்க. எனக்குக் கேசரி கூட எடுத்து வைக்கல. அந்த மெஷின் என்ன பண்ணும்னா, வர்ற விமானம் அத்தனையையும் கணக்குப் போட்டு, இது முதல்ல, அது ரெண்டாவது, இதை லேசா மெதுவாக்கு, அதைக் கொஞ்சம் வேகமா வரச் சொல்லுன்னு எழுதிக் காட்டும். தானா ஒரு துரும்பை நகர்த்தாது. விமானத்தோட பேசுறது நாம, பொறுப்பு நம்ம தலையில. அது பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, அதைக் கொஞ்சம் முன்னாடி விட்டிருக்கலாமே, இதை எதுக்கு இவ்வளவு குறைச்சேன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நான் அதுக்கு நாத்தனார்னு பேர் வச்சேன். ரூம் முழுக்க இப்ப அதே பேர்தான். எங்க சூப்பர்வைசர் தணிகாசலம் சார் கூட ஒரு நாள் வாய் தவறி டெல்லியில இருந்து வந்த அதிகாரிகிட்டயே, "நாத்தனார் இன்னிக்கு நல்லா இருக்கா சார்"னுட்டார்.

அதுல எனக்கு எது எரிச்சல் தெரியுமா? முக்கால்வாசி நேரம் அது ஒரு கோடு மட்டும்தான் காட்டும். கோடுன்னா, 'சும்மா இரு'ன்னு அர்த்தம். ஒண்ணும் செய்ய வேணாம், எல்லாம் தானா சரியா வரும். தானா எதுக்கா சரியா வரும்? நீங்க பிள்ளை பெத்தவங்கதானே, சொல்லுங்க. எதாவது தானா சரியா வந்திருக்கா?

அதனால நான் என்ன பண்ணினேன், ஒவ்வொரு விமானத்துக்கும் பின்னாடி கூடுதலா ஒரு மைல் வச்சேன். சட்டம் சொல்ற மைலுக்கு மேல ஒண்ணு. ஒரே ஒண்ணு. லீவுக்கு முன்னாடி நான் அப்படி வச்சதில்ல, நானும் வருண் மாதிரிதான், ரூம்லயே சுறுசுறுப்புன்னு பேர் வாங்கினவ. அப்ப ஸ்கிரீன்ல தெரிஞ்சது புள்ளி. லீவு முடிஞ்சு வந்து பாக்கிறேன், ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் யாரோ ஒருத்தி ஒரு குழந்தையை மடியில வச்சுக்கிட்டு, காது அடைச்சுக்கும்னு பால் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. எல்லாப் புள்ளியிலயும். சரக்கு விமானத்துல கூட. அதை விடுங்க, அது சும்மா ஒரு நினைப்பு. டெக்னிக்கலா காரணம் வேற. அதைத்தான் கமிட்டிக்குத் தயார் பண்ணி வச்சிருக்கேன், சொல்றேன்.

இதே சமயத்துலதான் வீட்டுல ஏசி விவகாரம். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். பாப்பா உள் ரூம்ல திரை போட்ட இருட்டுல தூங்குறா. அந்த ரூமுக்கு ரெண்டு கதவு. ஒண்ணு ஹால் பக்கம், நான் இருக்கிற பக்கம். இன்னொண்ணு பின்னாடி, மாமா பேப்பர் படிக்கிற பக்கம். நான் போய் கையை மட்டும் விட்டுக் கழுத்தைத் தொட்டுப் பாத்தேன், லேசா வேர்வை. ஏசியை ஒரு புள்ளி குறைச்சிட்டு வந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போனா, இன்னும் வேர்வை. சரின்னு இன்னும் ரெண்டு குறைச்சேன். அப்புறம் போனா இன்னும் அதிகமா வேர்க்குது. குளிர்ப் பெட்டி மாதிரி இருக்கு ரூம், குழந்தை கொதிக்குது. கடைசி வரைக்கும் குறைச்சு வச்சுட்டு டாக்டருக்கு போன் போட்டேன்.

அள்ளிக்கிட்டு ஓடினோம். டாக்டரம்மா பாப்பாவை மேஜையில படுக்க வச்சு உரிக்க ஆரம்பிச்சாங்க. மேல ஒரு கம்பளிப் போர்வை. அதுக்குள்ள ஒரு ஸ்வெட்டர். அதுக்குள்ள இன்னொரு ஸ்வெட்டர். கையில உறை, காலுல சாக்ஸ் மேல சாக்ஸ். தலையில குரங்குக் குல்லா. இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னே எனக்குப் புரியல. திரும்பிப் பாத்தா மாமா, "ரூம் போகப் போக ஐஸ் ஃபேக்டரி மாதிரி ஆயிக்கிட்டே இருந்துச்சும்மா. நான் வந்து வந்து ஒண்ணொண்ணா போட்டேன்"ங்கிறார். நான் குறைக்கக் குறைக்க அவர் போத்த, அவர் போத்தப் போத்த நான் குறைக்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல.

டாக்டரம்மா கேட்டாங்க, "வீட்டுல குழந்தையை எத்தனை பேர் பாத்துக்கிறீங்க?"

"ரெண்டு பேர் டாக்டர்."

"ஒருத்தரா குறைங்க. குழந்தை நல்லா இருக்கும்."

அவ்வளவுதான், மருந்து கூட எழுதல. எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. காலேஜ்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல நான்தான் முதல் மார்க். ஒரே விஷயத்தை ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம திருத்தினா, அது சரியாகாது, பேயாட்டம் ஆடும். புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு நான் இதைத்தான் வகுப்பு எடுப்பேன். கீசர்ல குளிக்கும்போது வெந்நீர் வரலைன்னு திருகுறோம், வரல, இன்னும் திருகுறோம், திடீர்னு கொதிக்கக் கொதிக்க வருது, அலறிக்கிட்டு இந்தப் பக்கம் திருகுறோம், ஐஸ் தண்ணி. தப்பு கீசர் மேல இல்ல, காத்திருக்கத் தெரியாத கை மேலன்னு சொல்வேன். பசங்க கை தட்டுவாங்க.

ஒரு நிமிஷம். மாமாவுக்கு ஒரு தடவை போட்டுப் பாத்துடுறேன். ரிங் போகுது, எடுக்கல. மறுபடி போடுறேன். எடுக்கல. சரி, இப்ப மறுபடி... இல்லக்கா, பதற்றம் எல்லாம் இல்ல. சும்மா.

எங்க விட்டேன்? ஆமா, ஒருத்தரா குறைக்கணும். அப்ப குறைய வேண்டியது யாரு? மாமாதான். குல்லாவைப் பூட்டி வச்சேன், அவர் இன்னொண்ணு வாங்கிட்டு வந்துட்டார். நான் டியூட்டிக்குப் போனதும் ஏசியை அணைச்சிடுறார்னு தெரிஞ்சுது, அதனால ரிமோட்டை நானே எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சேன். இதோ பாருங்க, ஹேண்ட்பேக்ல. லிப்ஸ்டிக் இருக்கோ இல்லையோ, இது இருக்கும்.

வீட்டுல ஒருத்தரா குறைச்சாச்சு. ஆபீஸ்ல? அங்கயும் ரெண்டு பேர். நானும் நாத்தனாரும். அங்க யார் குறையணும்னு உங்களுக்கே தெரியும். மெஷினை அணைக்க எனக்கு அதிகாரம் இல்ல. அதனால ஜோவியோட ஞானஸ்நானப் படம் ஒண்ணு, வெள்ளை கவுன் போட்டு அழுதுக்கிட்டு இருப்பா, அதை எடுத்துட்டுப் போய் அந்தக் கட்டத்து மேல ஒட்டிட்டேன். கச்சிதமா மறைஞ்சது. நாத்தனார் இருந்த இடத்துல என் பொண்ணு. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?

ஆனா எனக்குத் தெரியாத ஒண்ணு... தெரியாததுன்னு இல்ல, தெரியும், அந்த நேரத்துல மனசுல இல்ல. நாத்தனார் என்கிட்ட மட்டும் பேசுறவ இல்ல. பக்கத்து ரூம்ல முபாரக்னு ஒருத்தர் இருக்கார். தூரத்துல வர்ற விமானங்களை அவர் பாத்து, கிட்ட வந்ததும் என்கிட்ட விடுவார். நாத்தனார் அவருக்கும் சொல்லும். முபாரக் தங்கமான மனுஷன். அது என்ன சொல்லுதோ அட்சரம் பிசகாம செய்வார். நான் என் கண்ணைத்தான் மறைச்சேன், அது வாயைப் பொத்தல.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் வழக்கம் போல ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு மைல் கூட வச்சேன். நாத்தனார் அதைப் பாத்துட்டு, 'முன்னாடி நெரிசல் போலிருக்கு, நீ மெதுவா அனுப்பு'ன்னு முபாரக்குக்குச் சொல்லியிருக்கு. அவர் மெதுவாக்கினார். என்கிட்ட வரும்போதே நடுவுல நல்ல இடம். நான் அதுக்கு மேல ஒரு மைல் வச்சேன். அது பாத்துட்டு, 'இன்னும் நெரிசல், இன்னும் மெதுவா'ன்னுச்சு. அவர் இன்னும் குறைச்சார். நான் குறைக்கக் குறைக்க அவர் குறைக்க, அவர் குறைக்கக் குறைக்க...

என் ஸ்கிரீன்ல எப்படி இருந்துச்சு தெரியுமா? அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அமைதின்னா அமைதி. இப்படி ஒரு சாயங்காலத்தை நான் சர்வீஸ்லயே பாத்ததில்லைன்னு நினைச்சு, ஜோவி படத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டேன். ஒரு பைலட் சொன்னார், "மேடம், இதுக்கு மேல குறைச்சா நாங்க இறங்கி நடந்துதான் வரணும்." ஜோக்குன்னு நினைச்சேன். டவர்ல இருந்து போன். "மேடம், இங்க ரன்வே வெயில் காயுது. இன்னிக்கு யாராவது வர்றாங்களா, இல்ல லீவா?" அதையும் ஜோக்குன்னு நினைச்சேன்.

அப்பதான் முபாரக் கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வந்தார். அவர் நடந்து கூடப் பாத்ததில்ல நான். "ஜெசிந்தா, என்கிட்ட மேல எல்லாரும் வட்டம் சுத்திக்கிட்டு இருக்காங்க, வைக்க இடமில்ல. கீழ உங்ககிட்ட அவ்வளவு கூட்டமா?" என் ஸ்கிரீனைப் பாத்தார். திரும்பி தணிகாசலம் சாரைக் கூப்பிட்டார். அவர் வந்து, ஜோவியைப் பூப் போல ஓரத்துல இருந்து உரிச்சு எடுத்தார். அதுக்குக் கீழ நாத்தனார், பாவம், எவ்வளவு நேரமா கத்திக்கிட்டு இருந்திருக்கோ, கட்டம் முழுக்க ஒரே வார்த்தை: வேகம் கூட்டு, வேகம் கூட்டு, வேகம் கூட்டு.

யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. அதை முதல்ல சொல்லிடுறேன். எல்லாரும் பத்திரமா இறங்கினாங்க. ஒரே ஒரு விமானம் மட்டும் சுத்திச் சுத்தி எரிபொருள் போதாம வேற ஊருக்குப் போய் இறங்குச்சு. அதுல ஒரு பொண்ணு. அன்னிக்கு அவளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்துல மாப்பிள்ளை, பந்தல், பாயசம் எல்லாம் இருக்கு, பொண்ணு இல்ல. போன்ல முகத்தைக் காட்டித் தட்டு மாத்தினாங்களாம். புகார்ல ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து கையெழுத்து போட்டிருக்காங்க. வரதட்சணைப் பேச்சுல கூட அவ்வளவு ஒத்துமை இருந்திருக்காதுன்னு தணிகாசலம் சார் சொன்னார். நியாயப்படி எனக்கு நன்றி சொல்லணும்.

அதுக்குத்தான் இந்தக் கமிட்டி. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். எதுக்கு அந்தக் கூடுதல் மைல்? பதில் மூணு வச்சிருக்கேன், எது நல்லா இருக்குன்னு கேளுங்க. ஒண்ணு, காத்து. பெரிய விமானம் போன தடத்துல காத்து சுழலும், பின்னாடி வர்றவனைத் தூக்கி அடிக்கும், அதுக்காக வச்சேன். ஆனா அன்னிக்குப் பெரிய விமானமே வரல, எல்லாம் சின்னதுதான். ரெண்டு, மேகம். மழை மேகம் வரும்னு எதிர்பார்த்து வச்சேன். அன்னிக்கு வெயில் சுட்டெரிச்சது, அதை மட்டும் அவங்க கேக்காம இருக்கணும். மூணு, பைலட்டுங்க புதுசுங்க. அதுல ஒருத்தர் ரிட்டையர் ஆகப் போறவர்.

என்னக்கா சொல்றீங்க? குழந்தையா? அந்தப் புள்ளியில இருக்கிற குழந்தையைச் சொல்லணுமா? ஐயோ, அதெல்லாம் கமிட்டியில சொல்ல முடியாதுக்கா. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் கோட் போட்டவங்க. அப்புறம் 'ஜெசிந்தா பயப்படுறா'ன்னு எழுதிடுவாங்க. பயப்படுறவளை ரேடார்ல உட்கார வைக்க மாட்டாங்க. ரேடார் இல்லாம நான் என்னக்கா பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அது. நான் அதுல கெட்டிக்காரி, நிஜமாவே கெட்டிக்காரி.

மாமா கூப்பிடுறார்! "மாமா! ஏன் எடுக்கல?... கரண்ட் போச்சா?... எப்ப?... வந்துடுச்சா? அப்ப ஏசி?... தானா வராது மாமா, ரிமோட்ல போடணும், ரிமோட்... ரிமோட்..."

ஐயோ அக்கா.

"மாமா, ரிமோட் என்கிட்ட இருக்கு... ஆமா, பஸ்ல... செங்கல்பட்டு தாண்டிட்டேன்... பாப்பா? அழறாளா?... என்னது?... தூங்குறாளா? எப்ப இருந்து?... கரண்ட் போனதுல இருந்தா? போர்வை?... போத்தலையா? குல்லா, உங்க மஃப்ளர், எதாவது... 'ஏசியே இல்லையே, எதுக்கு குல்லா'வா?... சரி, கழுத்தைத் தொட்டுப் பாருங்க... 'தூங்குற பிள்ளையை எதுக்குத் தொடணும்'ங்கிறீங்களா?... மாமா... சரி, ஒரு போட்டோ மட்டும்."

வந்துடுச்சு. பாருங்களேன். ஒரு ஜட்டியோட. ரெண்டு கதவும் திறந்திருக்கு. கையைக் காலை விரிச்சுக்கிட்டு... எட்டு மாசத்துல இவ பகல்ல இவ்வளவு நேரம் தூங்கி நான் பாத்ததே இல்லக்கா. ஏசி இல்ல, குல்லா இல்ல. நான் இல்ல. யாரும் ஒண்ணும் செய்யல.

நாத்தனார் காட்டுற கோடுதான்க்கா இது.

...

இல்ல, ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. ஜன்னலோரம் பாருங்க.

ஒரு வகையில, ரிமோட்டை நான் எடுத்துட்டு வந்ததாலதானே இது நடந்துச்சு? வீட்டுல இருந்திருந்தா நான் சொன்னேன்னு மாமா ஏசியைப் போட்டிருப்பார், அப்புறம் குளிருதுன்னு போத்தியிருப்பார். ஆக, இதுவும் நான் பண்ணினதுதான். என்ன சிரிக்கிறீங்க?

அக்கா, இப்படிச் சொன்னா என்ன? நீங்க கமிட்டி, நான் நான். 'சார், அந்த ஒரு மைலை நான் வச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். மறைச்சு வச்சேன் பாருங்க, அதுதான் கோளாறு. நாத்தனாருக்குத் தெரியாம நானும், எனக்குத் தெரியாம நாத்தனாரும் ஒரே குழந்தைக்குப் போத்திட்டோம். அது கணக்கு எல்லாம் தெரிஞ்சவ சார். காத்து தெரியும், வேகம் தெரியும், எடை தெரியும். புள்ளிக்குள்ள யார் இருக்காங்கன்னு மட்டும் தெரியாது. அந்த ஒரு மைலை, எப்ப வேணும் எப்ப வேணாம்னு கணக்குப் போட்டு, அதுக்கே சொல்லிக் குடுத்துடுங்க. நான் ஒருத்தியே எல்லாருக்கும் சேர்த்து எத்தனை நாளைக்குத்தான் பயப்படுறது? அவளும் கொஞ்சம் பயப்படட்டும். அப்புறம் அவ கோடு காட்டினா, நான் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கேன்.'

இப்ப பயம்னு சொன்னேனா நான்? இல்லையே. சொல்லிட்டேனா? சரி, அங்க 'முன்னெச்சரிக்கை'ன்னு மாத்திக்கிறேன்... மாத்தணுமா? வேணாங்கிறீங்களா. சரி. அப்படியே இருக்கட்டும். கோட் போட்டவங்களுக்கும் வீட்டுல பிள்ளை குட்டி இருக்கும்ல.

கிளாம்பாக்கம் வந்துடுச்சு. இருங்க, இருங்க, பஸ் முழுசா நிக்கட்டும், அதுக்கு அப்புறம் எந்திரிங்க. டிரைவர் என்னைப் பாத்துக் கும்பிடுறார் பாருங்க. நல்லவர்தான். லாரியை எங்கயும் இடிக்கல. நான் மூணு தடவை சொன்னதால.

அக்கா, ஒரு உதவி பண்றீங்களா? இந்த ரிமோட்டை நீங்க வச்சுக்கோங்க. சாயங்காலம் வரைக்கும். உங்க பொண்ணு வீடு தாம்பரம்தானே, திரும்பிப் போகும்போது வந்து வாங்கிக்கிறேன். இது பையில இருந்தா என் கை சும்மா இருக்காது. இப்பக் கூட பாருங்க, உங்ககிட்ட பேசிக்கிட்டே எத்தனை தடவை அமுக்கிட்டேன்னு எனக்கே தெரியல, ஏதோ செங்கல்பட்டுல இருந்து அமுக்கினா அங்க கேக்கிற மாதிரி. கமிட்டி முன்னாடி என் ரெண்டு கையும் மேஜை மேல சும்மா இருக்கணும்.

பிடிங்க. பேட்டரி பக்கம் மூடி லூஸு, அழுத்தாதீங்க. தண்ணி பாட்டில் பக்கத்துல வைக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க. எங்க, திருப்பிச் சொல்லுங்க.

ம். ம். சரி. உங்க நம்பரையும் குடுங்க. அது எப்படி இருக்குன்னு அப்பப்ப போன் போட்டு மட்டும் கேட்டுக்கிறேன்.